திராக்ஷைக் காயின் உட்புற மாறுதல்களும் அறுவடைக் காலமும்

தேனி ஜில்லாவைச் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய கிராமங்களில் பந்தல் போட்டுப் பயிராக்கப்படும் பன்னீர்த் திராக்ஷை, வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களிலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு வந்துகொண்டே இருக்கும். மேல்நாட்டார் மஸ்கட் ஹாம்பர்க் என வழங்கும் ஜாதி இதுவேயாம். 2023-ஆம் வருஷத்தில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பயிரின் பெயர் இவ்வாறு உயர்ந்திருக்க, சந்தைக்கு வரும் சரக்கில் ஒரு பகுதியைப் பற்றி வாங்குவோர் குறை கூறுவது மட்டும் ஓய்ந்தபாடில்லை. பழம் கண்ணுக்குக் கறுத்திருக்கிறது, வாயிலிட்டால் புளிக்கிறது என்பதே அக்குறை.

இதற்கு மண்ணையோ ஜாதியையோ நொந்து பயனில்லை. பெரும்பாலும் காரணம் அறுவடை செய்த நாளேயாம். குலையில் பாதிக் காய் கறுத்தவுடனே வியாபாரி பந்தலடியில் வந்து நிற்கிறார். விலை இறங்கிவிடுமோ, மழை பிடித்துக்கொள்ளுமோ, பறவை தின்றுவிடுமோ என்னும் அச்சம் தோட்டக்காரருக்கும் உண்டு. "நிறம் வந்துவிட்டது, மீதி வழியில் பழுத்துக்கொள்ளும்" என்று இருவரும் ஒருவரையொருவர் சமாதானம் செய்துகொள்கின்றனர். மாங்காய்க்கும் வாழைக்காய்க்கும் இவ்வார்த்தை பொருந்தும். திராக்ஷைக்கு அறவே பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை வீட்டிலேயே ஒரு சிறு சோதனையால் அறியலாம். காயத்துக்குத் தடவும் டிங்க்சர் அயோடினில் ஒரு சொட்டை, நறுக்கிய வாழைக்காயின் மேல் விட்டால், அவ்விடம் கருநீலமாய் மாறும். அது மாவுச் சத்தின் அடையாளம். வாழைக்காய் தாரிலிருந்து வெட்டப்படும்போதே இம்மாவைத் தன்னுள் மூட்டை கட்டி வைத்துக்கொண்டிருக்கிறது. பின்னர் அது குடோனில் கிடந்தாலும், வண்டியில் போனாலும், மாவு சர்க்கரையாக மாறிப் பழம் இனிக்கிறது. அதே மருந்தை நறுக்கிய திராக்ஷைக் காயின் சதை மேல் விட்டால் கருநீலம் தோன்றுவதில்லை. திராக்ஷை தன் சதையில் மாவைச் சேமித்து வைப்பதில்லை. அதற்கு வரவேண்டிய சர்க்கரை முழுவதும் இலைகளிலிருந்து காம்பின் வழியாக நாள்தோறும் வந்து சேர வேண்டியதாகும். காம்பை வெட்டிய நிமிஷத்தில் அந்த வரவு நின்றுபோகிறது. பிறகு ஜலம் சுண்டிச் சிறிது இனிப்பு மிகுந்ததுபோல் தோன்றலாமேயன்றி, ஒரு கடுகளவு சர்க்கரையும் புதிதாக உண்டாவதில்லை.

காயின் அமைப்பு

ஒரு திராக்ஷைக் காயைக் கூரிய பிளேடினால் குறுக்கே அறுத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், மேலே தோலும், உள்ளே சதையும், நடுவில் விதைகளும், அவற்றைச் சுற்றி நரம்புகளும் தென்படும். இவை யாவும் உயிரணுக்கள் எனப்படும் நுண்ணிய அறைகளால் ஆனவை. செங்கற்களால் வீடு எழுவதுபோல் இவ்வணுக்களால் காய் எழுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: கட்டிட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இச்செங்கற்கள் ஒவ்வொன்றும் ஊதிப் பெருக்கின்றன.

தோலின் மேற்புறத்தில் ஒரே வரிசை அணுக்கள் நெருங்கி அமைந்திருக்கும். அதன் மேல் மெழுகு பூசினாற்போன்ற ஒரு மெல்லிய படலம். கைபட்டால் அழிந்துபோகும் வெண்ணிறச் சாம்பல்பூச்சு இம்மெழுகேயாம். அதற்கடியில் தடித்த சுவர்களையுடைய அணுக்கள் பல வரிசையாக உள்ளன. கறுப்பு ஜாதிகளின் நிறம் தங்குவது இவ்வரிசைகளில்தான். இதற்கும் உள்ளே சதைப் பாகத்தில் 25 முதல் 30 வரிசை வரையில் பெரிய, மெல்லிய சுவருடைய அணுக்கள் உண்டு. ஒவ்வொரு சதை அணுவினுள்ளும் சாறு நிறைந்த ஒரு பை இருக்கிறது. காய் பழமாகும்போது இச்சாற்றுப் பை அணுவின் உட்புறம் முழுவதையும் ஏறக்குறைய அடைத்துக்கொள்கிறது. உண்பவர் நாவிற்கு எட்டும் புளிப்பும் இனிப்பும் இப்பைகளில் அடங்கியவையே.

காம்பின் வழியாக இருவகைக் குழாய்கள் காயினுள் செல்கின்றன. ஒருவகை வேரிலிருந்து ஜலத்தையும் அதில் கரைந்த உப்புக்களையும் கொண்டுவரும். மற்றொரு வகை இலையில் சமைக்கப்பட்ட சர்க்கரையை ஜலத்தோடு கலந்து கொண்டுவரும். பழத்தைக் காம்பிலிருந்து பிடுங்கினால் காம்பின் நுனியில் ஈரமான நார்க்கற்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வருமல்லவா? அது இக்குழாய்களின் முனையே. இவ்விரண்டு குழாய்களையும் பற்றிப் பின்னர் மீண்டும் கூறப்படும். அறுவடைக் காலத் தொல்லைகளில் பாதி இவற்றின் போக்கினால் விளைபவை.

எண்ணிக்கை பெருகும் காலம்

கம்பம் பகுதியில் கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய 120 நாட்களில் பன்னீர்த் திராக்ஷை அறுவடைக்கு வருகிறது. கவாத்துக்குப்பின் சுமார் 35 அல்லது 40 நாளில் பூக்கிறது. பூ பார்வைக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாது. குல்லாய் போன்ற அதன் பச்சை இதழ்கள் கழன்று விழுந்தவுடன், நடுவில் ஊசித் தலையளவான பிஞ்சு காணப்படும்.

இப்பிஞ்சில் எத்தனை உயிரணுக்கள் இருக்கும்? விதையற்ற சுல்தானா ஜாதியை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த விஞ்ஞானிகள் 1968-இல் வெளியிட்ட கணக்கின்படி, பூ மலரும் நாளிலேயே பிஞ்சின் தோலிலும் சதையிலும் சுமார் 2 இலட்சம் அணுக்கள் உள்ளன. அடுத்த 40 நாட்களுக்குள் அவை சுமார் 6 இலட்சமாகின்றன. அதன்பின் எண்ணிக்கை ஏறுவதில்லை. அதாவது, ஓர் அணு இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும் வேலையில் மிகப் பெரும்பகுதி பூ மலருவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. எஞ்சியதும் பூத்த சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. பிற்பாடு காய் பருப்பது அணுக்கள் ஊதுவதனால் மட்டுமே. ஒவ்வோர் அணுவின் கொள்ளளவும் ஏறக்குறைய 300 மடங்கு வரை பெருகக்கூடும்.

தோட்டக்காரர் இக்கணக்கை ஊன்றிக் கவனிப்பாராக. கவாத்து முடிந்து, தளிர் வந்து, பூங்குலை வெளிப்படும் நாட்களில் கொடி வாடிக் கிடந்தால், அணுக்களின் தொகை குறைந்துபோகும். பிஞ்சு மிளகளவு ஆனபின் பாசனத்தை இருமடங்காக்கினாலும், உரத்தை அள்ளிக் கொட்டினாலும், குறைந்த தொகை நிரம்பாது. நூறு பைகள் இருக்கவேண்டிய இடத்தில் எழுபது பைகளே தைத்து வைத்தவர், நெல் எவ்வளவு விளைந்தாலும் எழுபது பைகளைத்தான் நிரப்பக்கூடும். பூத்த பின் முதற் சில வாரங்களில் ஏற்படும் ஜலக் குறைவினால் சிறுத்த காய் கடைசிவரை சிறுத்தே நிற்கும்.

இன்னும் ஒரு படி பின்னோக்கியும் செல்லவேண்டும். குலை உண்டாவது இந்தக் கவாத்துக்குப் பிறகு அன்று. முந்திய பட்டத்தில் வளர்ந்த கொடியின் மொட்டுக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத அளவில் அது உருவாகிவிடுகிறது. அப்பொழுது இலைகளை அடிச்சாம்பல் நோய்க்குப் பறிகொடுத்தவரும், பந்தலில் வெயில் நுழையாதபடி கொடியை மண்டவிட்டவரும், அடுத்த பட்டத்தின் குலைகளை அன்றே இழந்தவராவர். பள்ளத்தாக்கில் இரண்டு வருஷத்துக்கு ஐந்து பட்டம் எடுக்கும் வழக்கம் இருப்பதால், ஒரு பட்டத்தின் நட்டம் அடுத்ததில் வந்து நிற்பதைப் பலர் உணர்வதில்லை. மருந்துக் கடைக்காரரின் மேல் குறை சொல்கின்றனர்.

காயின் பருமனை நிர்ணயிப்பதில் விதைக்கும் பங்குண்டு. பூவின் சூற்பையில் நான்கு சூல்கள் உள்ளன. நான்கும் விதையாகலாம், ஒன்று மட்டும் ஆகலாம். விதை வளரும்போது அதிலிருந்து உண்டாகும் வளர்ச்சி ஊக்கிகள் அருகிலுள்ள சதை அணுக்களை ஊதச் செய்கின்றன. ஆகையால் ஒரே குலையில் மூன்று விதைக் காய் பெரிதாகவும், ஒரு விதைக் காய் சிறிதாகவும் இருக்கும். விதையற்ற ஜாதிகளுக்கு ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பதன் இரகசியமும் இதுவே. விதை தரவேண்டிய ஊக்கியை மனிதன் தருகிறான். ஓடைப்பட்டிப் பக்கத்து விதையற்ற திராக்ஷைத் தோட்டங்களில் அம்மருந்து நற்பலன் தருவதைக் கண்டு, விதையுள்ள பன்னீருக்கும் அதேபோல் தெளித்துப் பார்ப்பது வீண் செலவு. விதையுள்ள காய்க்கு அவ்வூக்கி வீட்டிலேயே இருக்கிறது. அன்றியும், அம்மருந்து மொட்டுக்களில் அடுத்த குலை உருவாவதைத் தடுக்கவும் கூடும்.

சாம்பல் நோயின் தொல்லையும் இக்காலத்தைச் சேர்ந்ததே. பூத்த முதற் சில வாரங்களில் பிஞ்சின் தோல் இந்நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். பின்னர் காய் தானே எதிர்க்கும் வலிமை பெறுகிறது. நோய் பற்றிய தோலின் மேல் வரிசை அணுக்கள் மடிந்து, இழுபடும் தன்மையை இழக்கின்றன. உள்ளேயுள்ள சதை அணுக்களோ ஊதிக்கொண்டே போகின்றன. முடிவில் தோல் கிழிந்து விதை வெளியே தெரிகிறது. கிழிந்த காயைக் கண்டபின் கந்தகத் தூளைத் தேடிச் செல்வோர், ஒரு மாதம் பிந்திவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

இப்பருவத்திலேயே காயின் புளிப்பும் துவர்ப்பும் உண்டாகின்றன. டார்டாரிக் அமிலம், மாலிக் அமிலம் என்னும் இரண்டும் சாற்றுப் பைகளில் நிறைகின்றன. தோலிலும் விதையிலும் துவர்ப்புச் சத்து சேர்கிறது. விதை முற்றாத காயைப் பறவையும் அணிலும் உண்ணாதிருக்க இயற்கை செய்த காவல் இது.

காய் நிற்கும் காலம்

பூத்து ஐந்து அல்லது ஆறு வாரங்கள் ஆனபின் காய் வளர்வது நின்றுபோனதுபோல் தோன்றும். கல்லைப் போல் கெட்டியாய், பச்சையாய், மாற்றமின்றி ஒரு வாரமோ இரண்டு வாரமோ இருக்கும். புதிதாய்த் தோட்டம் வைத்தவர்கள் இதைக் கண்டு பயந்து உரம் வைப்பதுண்டு, அவசியமில்லை. இப்பொழுது வேலை விதைக்குள் நடக்கிறது. விதையின் ஓடு கெட்டிப்படுகிறது, முளை முற்றுகிறது.

நிறம் திரும்பும் காலம்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் முக்கிய பாகம்.

ஒரு நாள் காலையில், பச்சைக் காய்களிடையே இரண்டொன்று விரலுக்கு மெத்தென்று இருப்பதைக் காணலாம். நிறம் இன்னும் மாறியிராது. கண்ணைவிட விரலே முதலில் அறியும் செய்தி இது. உள்ளே நிகழ்வது யாதெனில், சதை அணுக்களின் சாற்றுப் பைகள் சுவரை அழுத்திக்கொண்டிருந்த அழுத்தம் வெகுவாகத் தளர்கிறது; அணுவையும் அணுவையும் ஒட்டவைத்திருந்த பசைப்பொருள் இளகத் தொடங்குகிறது. உடனேயே இலையிலிருந்து சர்க்கரை வேகமாய் வந்து இறங்க ஆரம்பிக்கிறது. கொடியில் வரும்பொழுது அது கரும்புச் சர்க்கரையை ஒத்தது. காயினுள் புகுந்ததும் குளூக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிளவுபட்டுச் சாற்றுப் பையில் தங்குகிறது. பழுத்த திராக்ஷையில் இவ்விரண்டும் ஏறக்குறையச் சம அளவாக இருக்கும்.

இவற்றுக்குச் சில நாட்கள் கழித்தே தோலில் நிறம் வருகிறது. இந்நிறம் தோல் அணுக்களின் சாற்றுப் பைகளில் அடைபட்டுக் கிடப்பது. கறுத்த பன்னீர்ப் பழத்தைத் தோலுரித்துப் பார்த்தால் சதை வெளிறியே இருக்கும். உரித்த தோலைக் குளிர்ந்த ஜலத்திலிட்டால் உடனே பெரிதாகச் சாயம் இறங்குவதில்லை. கொதிக்கும் ஜலத்திலிட்டாலோ கணப்போதில் செந்நீலச் சாயம் பரவும். வெப்பத்தால் அணுவின் உறைகள் சிதைந்து, அடைபட்ட நிறம் வெளியேறுவதே காரணம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்து காட்டலாம்.

ஆகவே நிறம் தோலின் வேலை. இனிப்பு சதையின் வேலை. தோல் அணுக்கள் சில நாட்களுக்குள் கறுத்துவிடலாம். சதையின் பைகள் சர்க்கரையால் நிரம்ப 30 நாள் முதல் 40 நாள் வரை செல்லும். நிறத்தைக் கண்டு அறுப்பவர், களஞ்சியத்தின் கதவுக்குச் சாயம் அடித்ததைப் பார்த்து உள்ளே நெல் நிரம்பிவிட்டதென்று எண்ணுபவரை ஒப்பர். நிறம் வருவிக்க எத்தெபான் தெளிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது தோலைக் கறுக்கச் செய்யும். சர்க்கரையைக் கொண்டுவந்து சேர்ப்பது இலையின் வேலையாதலால், அம்மருந்தைக் கொண்டு இனிப்பை வருவிக்க இயலாது.

எடை விஷயத்திலும் தோட்டக்காரர் ஏமாந்துபோகிறார். நின்றிருந்த காய் இப்பருவத்தில் மறுபடியும் வளர்கிறது. இளகத் தொடங்கிய நாளில் காயின் எடை எவ்வளவோ, முழுதும் பழுத்த நாளில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். கறுத்தவுடன் அறுப்பவர் இவ்வளர்ச்சியின் ஒரு பகுதியைக் கொடியிலேயே விட்டு வருகிறார். முழு எடையில் ஐந்திலொரு பங்கு சேராமல் அறுத்தார் என்று வைத்துக்கொண்டாலும், பத்து வண்டிச் சரக்குக்கு இரண்டு வண்டி போயிற்று. பத்து நாள் முந்தியதற்காக வியாபாரி கூட்டிக் கொடுக்கும் விலை இதை ஈடுசெய்கிறதா என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். சில வேளைகளில் ஈடுசெய்யவும் கூடும். மழைக் கருக்கல் கட்டியிருக்கையில் முந்துவதே புத்தி. ஆனால் பெரும்பாலோர் இக்கணக்கைப் போடுவதேயில்லை.

புளிப்புக் குறைவதும் இக்காலத்திலேயாம். இரண்டு அமிலங்களும் ஒரே விதமாய்க் குறைவதில்லை. மாலிக் அமிலத்தை அணுக்கள் தம் சுவாசத்துக்கு எரிபொருளாய்ச் செலவழிக்கின்றன. உஷ்ணம் மிகுந்த நாடுகளில் இச்செலவு விரைவு. டார்டாரிக் அமிலமோ காயில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. காய் பெருத்து ஜலம் சேருவதால் அது நீர்த்துப்போய், நாவுக்குக் குறைந்ததாகத் தோன்றுகிறது. காய் பெருக்கும் முன்னரே அறுத்துவிட்டால் இவ்வமிலம் நீர்த்துப்போக வழியேது? கறுத்தும் புளிக்கும் பழத்தின் விஷயம் இப்பொழுது விளங்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வருவது மணம். மஸ்கட் இனத்துக்கே உரிய, பன்னீரை நினைப்பூட்டும் அந்த வாசனை லினலூல், ஜெரானியால் முதலிய நறுமணப் பொருள்களால் உண்டாவது. சர்க்கரை போதிய அளவு ஏறிய பின்னரே இவை மிகுதியாய்ச் சேருகின்றன. முந்தி அறுத்த பழத்தில் நிறம் இருக்கும். ஓரளவு இனிப்பும் இருக்கலாம். பன்னீர் மட்டும் இராது. மணமற்ற பன்னீர்த் திராக்ஷைக்கும், வடக்கிலிருந்து லாரிகளில் வரும் மற்றக் கறுப்புத் திராக்ஷைக்கும் வாங்குவோர் பேதம் காணாவிட்டால், புவிசார் குறியீடு பெட்டியின் மேல் ஒட்டிய காகிதமாகவே நின்றுவிடும்.

ஒரே குலையில் ஒரு காய் கறுத்தும் அடுத்தது பச்சையாயும் இருப்பது பன்னீர் ஜாதியின் பெருங்குறை. ஒவ்வொரு காயும் தன் தன் நாளில் இளகத் தொடங்குவதே இதற்குக் காரணம். ஒரு பூ முந்தி மலர்ந்தது, மற்றொன்று பிந்தியது. ஒன்றில் விதை மிகுதி, மற்றொன்றில் குறைவு. குலையின் தோளிலுள்ள காய்கள் முந்தியும், நுனியிலுள்ளவை பிந்தியும் பழுக்கும். கொடியில் குலைகள் அளவுக்கு மிஞ்சியிருந்தால் இவ்வேற்றத்தாழ்வு இன்னும் அதிகமாகும். ஒரு குலை நன்றாய்ப் பழுக்க, நோயற்ற இலைகள் 10 முதல் 15 வரையில் வேண்டும். அதற்கு மேற்பட்ட குலைகளைப் பிஞ்சிலேயே கழித்துவிடுவது நட்டமன்று. நிறம் வரட்டும் என்று கடைசி நேரத்தில் இலையைக் கிள்ளுவோர், சர்க்கரை வரும் வாய்க்காலின் மதகை அடைப்பவராவர்.

மழையும் வெடிப்பும்

மேலே கூறிய இருவகைக் குழாய்களில், வேரிலிருந்து நேரே ஜலம் கொண்டுவரும் குழாய், காய் பச்சையாயிருக்கும் வரையில் மும்முரமாய் வேலை செய்கிறது. நிறம் திரும்பிய பின் அதன் போக்குவரத்து மிகவும் குறைந்துபோய், சர்க்கரைக் குழாயின் வழியாக வரும் ஜலமே காய்க்கு முக்கிய ஆதாரமாகிறது. தோலுக்கு உறுதி தரும் சுண்ணாம்புச் சத்து முதற்குழாயின் வழியாகவே பெரும்பாலும் வருவதாகையால், அது காய் பச்சையாயிருக்கும்போதே சேரவேண்டும். பழுத்த பின் தோல் வெடிக்கிறதென்று மண்ணில் சுண்ணாம்பு உப்பு இடுவது காலங்கடந்த வைத்தியம்.

பழுத்த காயின் சாறு சர்க்கரை மிகுந்தது. மழைஜலம் தோலின் மேல் நெடுநேரம் தங்கினால், அச்சர்க்கரைச் சாறு தோலினூடும் காம்படியினூடும் ஜலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே அணுக்கள் வீங்குகின்றன. பழுத்த தோல் அவ்வளவு இடங்கொடாது. காம்படியில் பிறைபோலவோ, பக்கவாட்டில் நெடுகவோ வெடிக்கிறது. வெடிப்பில் பூஞ்சணம் புகுந்து அடுத்த காய்களுக்கும் பரவுகிறது. குலை நெருக்கமாயிருந்தால் காய்க்குக் காய் அழுத்தி வெடிப்பு மிகுதியாகும். ஜலமும் இடையில் தங்கும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் தோட்டக்கலை அலுவலர்களும் மழைச் சேதத்தைக் கணக்கெடுக்கச் செல்லும்போது இவ்விஷயம் நினைவிலிருத்தல் அவசியம். ஒரே இரவில் ஒரே கிராமத்தில் பெய்த மழை, பச்சைக் காய் நிற்கும் தோட்டத்தில் வெடிப்பு உண்டாக்காமல் போகலாம். அடுத்த வரப்பிலுள்ள பழுத்த தோட்டத்தையோ பாழாக்கிவிடலாம். அதைக் கண்டு, பழுத்த தோட்டத்துக்காரர் மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. மேலும், மழை பெய்த மறுநாள் காணும் வெடிப்பு முழுச் சேதமன்று. அழுகல் தலைகாட்ட மேலும் சில நாட்கள் செல்லும். 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமுண்டானால்தான் பேரிடர் நிவாரணம் உண்டு என்று 2015-இல் விதி வகுக்கப்பட்டிருப்பதால், இரண்டொரு நாள் முந்திப் பார்ப்பதாலேயே ஒரு குடும்பம் நிவாரணத்துக்கு வெளியே நின்றுவிடக்கூடும். பந்தலின் ஓரத்தில் மட்டும் பாராமல், நடுவிலும் பல இடங்களில் குலைகளை எடுத்து, வெடித்த காய் எத்தனை, நல்ல காய் எத்தனை என்று எண்ணிக் குறிப்பதே நியாயமான முறை. தோட்டக்காரர் தம் பக்கத்தில் கவாத்து செய்த தேதியையும், நிறம் திரும்பிய தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பாராயின், அலுவலருக்கும் வேலை எளிது. தமக்கும் சாட்சியம் உண்டு.

அறுவடைக்கு நாள் குறித்தல்

கையடக்கமான ரிப்ராக்டோமீட்டர் என்னும் கருவியின் கண்ணாடியில் இரண்டு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்தில் நோக்கினால், பிரிக்ஸ் அளவு தெரியும். 100 கிராம் சாற்றில் கரைந்துள்ள பொருள் இத்தனை கிராம் என்பதே அவ்வளவு. பழுத்த காயில் அதில் பெரும்பகுதி சர்க்கரை. உணவுப் பொருள்களுக்குச் சர்வதேச நெறி வகுக்கும் கோடெக்ஸ் சபை 2007-இல் ஏற்படுத்திய விதியின்படி, உண்பதற்கான திராக்ஷை பொதுவாக 16 பிரிக்ஸாவது காட்டவேண்டும். அதனிற் குறைந்தால் சர்க்கரைக்கும் புளிப்புக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தே ஏற்கப்படும். கருவியை நான்கைந்து தோட்டக்காரர்கள் கூடி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சோதிக்கும்போது குலையின் தோளிலிருந்து பழத்தை எடுத்துச் சோதித்துத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. நுனிக் காயை எடுத்துப் பார்ப்பதே நேர்மை. பந்தலின் வெயில் படும் ஓரத்திலும், நிழல் அடைந்த நடுவிலும், பல கொடிகளிலிருந்து எடுத்துச் சாற்றைக் கலந்து பார்க்கவேண்டும்.

கருவி இல்லாதவர் நுனிக் காயைப் பிளந்து விதையைப் பார்ப்பாராக. விதை பச்சையாயிருந்தால் பழம் தயாராகவில்லை. ஓடு முழுவதும் பழுப்பு நிறமாகி, கடித்தால் கறுக்கென்று உடைந்தால் காலம் நெருங்கிவிட்டது. பிறகு நுனிக் காயை மென்று, விழுங்கிய பின்னும் வாயில் மணம் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். நின்றால் அறுக்கலாம்.

பழுத்த பின்னும் நெடுநாள் விட்டு வைப்பதும் தவறே. ஒரு கட்டத்துக்குப்பின் இலையிலிருந்து சர்க்கரை வருவது நின்றுபோகிறது. காய் தன் ஜலத்தை இழந்து சுருங்கத் தொடங்குகிறது. அப்பொழுது கருவியில் பிரிக்ஸ் ஏறிக்கொண்டே போகும். அது சர்க்கரை கூடியதால் அன்று, ஜலம் குறைந்ததால் ஆகும். தராசில் எடை இறங்குவதே அதற்கு அத்தாட்சி.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பிருந்து பாசனத்தைக் குறைப்பது நன்று. கொடி வாடும்படி காயப்போட வேண்டியதில்லை; ஆனால் காய்ந்து கிடந்த நிலத்துக்கு அறுவடைச் சமயத்தில் திடீரென்று ஜலம் கட்டுவது வெடிப்புக்கு இடங்கொடுக்கும். குலைகளைக் காலையில் பனி உலர்ந்தபின், வெயில் ஏறுவதற்கு முன் அறுக்கவேண்டும். காயைத் தொடாமல் காம்பைப் பிடித்தே எடுத்து, வெடித்ததையும் பழுக்காததையும் சிறு கத்தரியால் நீக்கிப் பெட்டியில் அடுக்கவேண்டும். கை பட்டு மெழுகுப் பூச்சு அழிந்த இடத்தில் ஜலம் விரைவில் ஆவியாகும். அத்தகைய பழம் கேரளத்துச் சந்தையில் பெட்டியைத் திறக்கும்போது வாடிய முகம் காட்டும். காம்பு காய்ந்து, பழங்கள் உதிர்ந்தும் கிடக்கும்.